வக்கீலின் குரல்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மதியம் ஒன்று இருபதுக்கு உருளை இஸ்திரியை நிறுத்துவார்கள். அது சூடு தணியப் பத்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் கையைக் கழுவி, டப்பாவைத் திறந்து, சாப்பாட்டு அறை பெஞ்சில் அவரவர் இடத்தைப் பிடித்துவிட வேண்டும். ஒன்றரைக்கு வக்கீல் வந்துவிடுவான்.

வக்கீல் என்றால் சீரியல் வக்கீல். வேற்று மொழியில் எடுத்து, நம் மொழியில் பேசவைத்த தொடர். நான்கு வருடமாக ஓடுகிறது. மனைவியை அம்மாக்காரி வீட்டை விட்டு வெளியே தள்ளியபோது வாயைத் திறக்காமல் தூணைப் போல நின்றவன் அவன். உண்மை தெரிந்த நாளிலிருந்து அவளைத் தேடி அலைகிறான். இவன் பேருந்து நிலையத்துக்குள் நுழையும்போது அவள் ஏறிய பேருந்து வெளியே போகும். இவன் ரயில் ஏறினால் அவள் இறங்குவாள்.

"பஸ்ஸே இல்லாத ஊர்ல கதை எடுத்திருந்தா எப்பவோ சேந்திருப்பாங்க" என்பார் இஸ்திரி அண்ணன். உருளைக்குள் போர்வைகளை விடுகிறவர். சீரியல் பார்ப்பதில்லை என்று நான்கு வருடமாகச் சொல்லிவருகிறார். கதவோரம் நின்றபடியே சாப்பிடுவார். ஒரு காட்சி தவறியதில்லை.

"பாக்காதவரு எதுக்கு அங்க நிக்கிறாரு? உள்ள வந்து உக்காருங்கண்ணே, கால் வலிக்கப்போவுது" என்பாள் நெட்டை.

"காத்துக்கு நிக்கிறேன்மா."

"விளம்பரம் போட்டா மட்டும் காத்து நின்னுடுமோ? உடனே கை கழுவப் போயிடுறீங்க."

நெட்டை மடிப்பு மேசைக்காரி. போர்வையின் ஒரு முனையை அவள் பிடித்தால் மறுமுனையைப் பிடிப்பவள் குளிர். அந்த வேக்காட்டில் ஊரே வியர்த்து ஊற்றும்போது கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பவளுக்கு வேறென்ன பெயர் வரும். போர்வையை மடிக்க இருவரும் நெருங்கும்போது ஒரு வாக்கியம், விலகும்போது ஒரு வாக்கியம் என்று முந்தின நாள் கதையை அலசுவார்கள். சாப்பாட்டு நேரம் வருவதற்குள் வக்கீலின் குடலை உருவி மேசைமேல் போட்டிருப்பார்கள்.

நான்காவது ஆள் தையல்காரி. கிழிந்த போர்வைக்கு ஒட்டுப் போடுவதும், நோயாளிச் சட்டைகளில் அறுந்துபோன கயிறுகளைத் திரும்பத் தைப்பதும் அவள் வேலை. நாற்பத்தொன்பது வயது. கேட்டால்தான் பேசுவாள். சாப்பிட்டு முடித்த கையோடு மடியில் ஒரு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு தலை குனிந்து தைப்பாள். டீவியை நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம். ஆனால் நடிப்பைப் பற்றித் தகராறு முற்றினால் கடைசித் தீர்ப்புக்கு அவளிடம்தான் வந்தாக வேண்டும்.

"தையலக்கா, நேத்து அம்மாகிட்ட கத்தினானே, அது நிஜக் கோபமா, மிரட்டறதுக்கு வரவழைச்ச கோபமா?" என்று குளிர் கேட்பாள்.

"ரெண்டும் இல்ல. பயம்."

"பயமா?"

"கடைசி வார்த்தையில மூச்சு இல்ல. கோபத்துக்கு மூச்சு இருக்கும்."

நெட்டை தொடையில் தட்டிக்கொள்வாள். "எடுத்துக்கோ! இவள அந்த நடிகனுக்கே கட்டி வெச்சிருக்கணும். அவனுக்கே தெரியாததெல்லாம் இவளுக்குத் தெரியுது."

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள்.

அந்த நடிகனை அவளுக்குத் தெரியாது. அவன் எந்த ஊரோ, வீட்டில் என்ன மொழி பேசுவானோ. அந்த உதட்டுக்கு நம் மொழியில் குரல் கொடுக்கிறவரைத்தான் தெரியும். பதினேழு வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

அவர் தொழிலே அதுதான். காலையில் கண்ணாடி அறைக்குள் போனால் பொழுது சாய்கிற வரைக்கும் மற்றவர்களின் வாய்க்காகப் பேசுவார். அழுவார், சிரிப்பார், காதலிப்பார், சத்தியம் செய்வார், செத்தும் போவார். வீட்டுக்கு வந்தால் தொண்டைக்கு ஓய்வு. கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, கையில் ஒரு டம்ளர் வெந்நீர், வாயில் ஒரு 'ம்'. சாப்பிட்டாச்சா? ம். மழை வருமா? ம். எங்க அம்மா உடம்பு சரியில்லன்னு போன் வந்துச்சு. ம்.

குழந்தைக்கு இனி வாய்ப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட நாளில் இருவரும் பேருந்தில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். இறங்க இரண்டு நிறுத்தம் இருக்கும்போது, "இனி என்னங்க பண்றது?" என்று கேட்டாள். அவர் அதற்கும் 'ம்' என்றார். அது அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

அதன் பிறகும் ஒன்பது வருடம் இருந்தாள். சண்டை கிடையாது. அடி, உதை, குடி எதுவும் கிடையாது. வெளியே சொல்ல ஒரு குறை இருந்திருந்தால் சொல்லி ஆறியிருப்பாள். ஒருநாள் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இருன்னாலும் சரி, போன்னாலும் சரி" என்றாள். அவர் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தது. தொண்டை ஏறி இறங்கியது. அவ்வளவுதான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், சாப்பாட்டு அறைக்குப் புது டீவி வந்தது. முதல் நாளே இந்தத் தொடர். வக்கீல் நீதிமன்றப் படியில் இறங்கி வந்து யாரிடமோ, "நீங்க கவலைப்படாம போங்க, நான் இருக்கேன்" என்றான். தையல்காரி கையிலிருந்த சட்டைக்குக் கயிற்றை முதுகில் வைப்பதற்குப் பதிலாக மார்பில் வைத்துத் தைத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் எங்கே என்று கேட்டவர்களிடம் வெளியூரில் வேலை என்று சொல்லியிருந்தாள். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், வக்கீலிடம் இவர்களுக்கெல்லாம் மிகவும் பிடித்தது அந்த 'ம்'தான்.

"ஆயிரம் வசனம் பேசட்டும்டி, அந்த ஒரு 'ம்'முக்கு ஈடாகுமா? நெஞ்சுக்குள்ள இருக்கிறதையெல்லாம் கொண்டாந்து அதுல வெச்சுடறான்" என்று நெட்டை உருகுவாள். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குதே. 'ம்'னா தூங்கப்போவுதுன்னு அர்த்தம்."

"அந்த 'ம்'முக்கே ஒரு விருது குடுக்கலாம்" என்பாள் குளிர்.

தையல்காரி தைத்துக்கொண்டிருப்பாள். நெஞ்சுக்குள் இருப்பதையெல்லாம் கொண்டுவந்து அதில் வைத்திருந்தாரா? பதினேழு வருடம் அதைக் கேட்டவளுக்கு அப்படித் தோன்றியதில்லையே. மூன்றாம் மனுஷிகளுக்கு ஒரு நொடியில் விளங்குவது கட்டினவளுக்கு ஏன் விளங்காமல் போனது? இந்தக் கேள்வியை நான்கு வருடமாக மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வக்கீல் மனைவியை நேருக்கு நேர் சந்திக்கப்போகிறான் என்று ஒரு மாதமாகவே விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கப்போகிறான். வெள்ளிக்கிழமை மதியம் யாரும் விடுப்பு எடுக்கக் கூடாது என்று நெட்டை உத்தரவே போட்டிருந்தாள்.

தையல்காரியும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். யாரோ எழுதிக் கொடுத்ததை, யாரோ ஒருத்திக்கு, யாரோ ஒருவனின் வாயால் அவர் சொல்லப்போகிறார். அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், அந்தத் தொண்டையிலிருந்து அந்த வார்த்தை ஒரே ஒரு முறை வெளியே வந்து காதில் விழுந்துவிட்டால் போதும் என்றிருந்தது. அதற்கு மேல் அவளுக்கு யாரிடமும் எதுவும் வேண்டாம்.

அந்த வாரம் திங்கட்கிழமை ஒன்றரைக்குத் தொடர் வந்தது. வக்கீல் ஒரு கடைக்காரரிடம் விலாசம் விசாரித்தான். "இந்தப் பக்கம் ஒரு டீச்சர் குடியிருக்காங்களே" என்றான்.

ஊசி அவள் விரலில் ஏறியது.

குரல் அதேதான். கனம் அதே, இழுப்பு அதே. ஆனால் மூச்சு வேறு. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதற்கு முன்னால் அவர் எச்சில் விழுங்குவார். இவன் விழுங்கவில்லை. கடைக்காரர் வழி சொன்னார். வக்கீல் 'ம்' என்றான். அது இருமலை அடக்கின மாதிரி இருந்தது.

விளம்பரம் வந்ததும் நெட்டை கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னடி ஆச்சு இவனுக்கு?"

"எனக்கும் என்னமோ மாதிரி இருந்துச்சு" என்றாள் குளிர். "ஜலதோஷமோ?"

"ஜலதோஷமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. திமிரு. பேரு வந்துடுச்சில்ல, இனி இது போதும்னு நடிக்கிறான். மூஞ்சில ஒண்ணுமே இல்ல பாரு. பொண்டாட்டியத் தேடறவன் மாதிரியா இருக்கு? காணாமப்போன குடையத் தேடறவன் மாதிரி கேக்கிறான்."

"மூஞ்சி எப்பவும் போலத்தாம்மா இருக்கு" என்றார் கதவோரத்திலிருந்து இஸ்திரி அண்ணன்.

"பாக்காதவரு பேசக்கூடாது!" என்று நெட்டை அடக்கினாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "ஏய் தையல், நீ சொல்லு. நடிப்பு எறங்கிப்போச்சா இல்லயா?"

தையல்காரி விரலை வாயில் வைத்திருந்தாள். "தெரியலக்கா" என்றாள். நான்கு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஐந்து மணி வரை அவள் பதினோரு சட்டை தைத்தாள். தலைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில், அவர் கொஞ்சமாவது பேசிக்கொண்டிருந்த காலத்தில், சொல்லியிருக்கிறார்: "இன்னைக்கு நான் பேசறது இன்னைக்குக் கேக்காது. மூணு வாரம் கழிச்சுத்தான் ஊருக்குக் கேக்கும்." தொடர்களுக்கு மூன்று வாரம் முன்னதாகவே குரல் பதிந்து வைத்துவிடுவார்கள். அப்படியென்றால் இந்தக் குரல் இன்று மாறவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே மாறிவிட்டது. போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் முன்னாலேயே பேசி வைத்தது.

உடம்புக்கு ஏதாவது இருக்கும். வேறு வேலை கிடைத்திருக்கும். யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்பார். சண்டை போட அவருக்கு வாய் ஏது?

வேலை முடிந்து, கொதிகலன் அறைக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டில் உட்கார்ந்து, நாத்தனார் எண்ணைத் தேடி எடுத்தாள். அவருடைய தங்கை. தான் வந்துவிட்ட பிறகு அவர் அந்தத் தங்கை வீட்டில்தான் இருக்கிறார் என்று கேள்வி. மணி நீண்ட நேரம் அடித்தது.

"யாரு?"

"நான்தான்."

எதிர்ப்பக்கம் எங்கோ குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"உனக்கு யாரு சொன்னா?" என்றாள் நாத்தனார்.

அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. "யாரும் சொல்லல. டீவில குரல் மாறியிருந்துச்சு."

"அண்ணன் போயி இருபத்தி ரெண்டு நாள் ஆச்சு. காலையில வெந்நீர் வெச்சிட்டு நாற்காலில உக்காந்தாரு. தண்ணி கொதிச்சு வத்திப்போய் பாத்திரம் தீயற வாசனை வந்து நான் ஓடி வந்தா..."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"போறப்ப நீ எங்களக் கேட்டுட்டா போன?"

தையல்காரி அதை மறுக்கவில்லை. போனையும் வைக்கவில்லை.

"என்னைப் பத்தி எப்பவாவது ஏதாவது சொன்னாரா?"

"கெட்டதா ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"நல்லதா?"

"பேசினாத்தானே அண்ணி" என்றாள் நாத்தனார். அண்ணி என்று அவள் அழைத்ததும் குரல் உடைந்துவிட்டது. "அண்ணன் பேசினாத்தானே."

செவ்வாய்க்கிழமை தையல்காரி வேலைக்கு வந்தாள். வேறெங்கே போவது? வீட்டில் இருந்தால் சுவர் நெருக்கும். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் நடிகனைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அவனுக்குக் காதல் தோல்வி என்று இஸ்திரி அண்ணன் ஒரு கட்சி. அவனை மாற்றிவிட்டு அவனுடைய தம்பியை நடிக்கவைக்கிறார்கள் என்று குளிர் ஒரு கட்சி. குரலை மட்டும் யாரும் தொடவில்லை. உதடு ஒன்று சொல்ல, காது ஒன்று கேட்க, நான்கு வருடத்தில் இரண்டும் ஒன்றாகிப் போயிருந்தன. அந்த ஆளுக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று இருக்கும் என்பதே மறந்துவிட்டது.

அவளுக்குள் வேறு ஒரு ஆசை முளைத்திருந்தது. அப்படி நினைக்கவே கூச்சமாக இருந்தது. திங்கட்கிழமை தொடங்கிய இந்த வாரம் முழுவதும் வேறு ஆள். ஆனால் ஒரு வாரத்துக் கதையை எந்த வரிசையில் பேசுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமைக் காட்சியை ஒருவேளை அவர் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்?

புதன்கிழமை அவளுக்கு அரை நாள் ஓய்வு. அவர் பேசிவந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள்; அது இன்னும் அதே பழைய கட்டிடத்தில்தான் இருந்தது. மூன்றாவது மாடி, எண்ணெய் போடாத கதவு. ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "யாரும்மா வேணும்?" என்றார்.

"வக்கீலுக்குப் பேசினவரோட வீட்டுக்காரி."

அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியை இவள் பக்கம் தள்ளினார். அவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மேசைமேல் இருந்த வசனத் தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடியும் அடுக்கினார்.

"அந்த மன்னிப்புக் கேக்கிற காட்சி," என்றாள். "அத அவர் பேசினாரா?"

அவர் கை நின்றது. "பேசினாரும்மா."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"கடைசியா வந்த அன்னைக்கு அதத்தான் முதல்ல எடுத்தோம். பெரிய காட்சிய முதல்லயே முடிச்சிடுவோம், தொண்டை புதுசா இருக்கும்ல. வசனம்னு பாத்தா ரெண்டே வரி. 'தப்பு என்னுது. போகாதேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்.' அவ்வளவுதான். அவருக்கு அதெல்லாம் சும்மா ஊதித் தள்ளற வேலை. இருபது வருஷமா கூட இருக்கேன், உதட்டசைவ விட்டு வெலகினதே இல்ல அந்த மனுஷன். ஆனா அன்னைக்கு, 'தப்பு என்னுது' வரைக்கும் வந்தாரு. நின்னுட்டாரு. திரையில அந்த ஆள் ரெண்டாவது வரியும் சொல்லி முடிச்சு வாய மூடிட்டான். அதுக்கப்புறம்தான் இவரு அந்த வரிய ஆரம்பிக்கிறாரு."

"மறந்துட்டாரா?"

"மறக்கலம்மா. தாள் கையில இருக்கு. திரும்ப எடுத்தோம். திரும்பவும் அதே இடத்துல நிறுத்தம். ஆறு தடவை. ஆறு தடவையும் அதே அளவு. எனக்கும் பொறுமை போயிடுச்சு. 'அண்ணே, அவன் வாய மூடிட்டான், நீங்க யாருக்குப் பேசறீங்க?'ன்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

ஒலிப்பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டார். "'ம்'னாரு."

சுவர் முழுக்க மெத்தை அடித்த அறை அது. தெருச் சத்தம் ஒரு துளிகூட உள்ளே வரவில்லை. அவள் கேட்டாள்: "நான் அதக் கேக்கலாமா?"

அவர் தாள்களை ஓரமாகத் தள்ளினார். "போய்ட்டு வாங்கண்ணே, நாளைக்குப் புதுசா எடுக்கலாம்னு அனுப்பி வெச்சேன். உதட்டுக்குப் பொருந்தாதத நாங்க வெச்சிருக்கிறதில்லம்மா. அன்னைக்கே துடைச்சுட்டுத்தான் விளக்க அணைப்போம். ஆறையும் அழிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் அவரு வரல. அப்புறம் மூணு நாள் தேடி அதே மாதிரி குரல் இருக்கிற பையனப் பிடிச்சு, அந்த வாரம் மொத்தத்தையும் அவன வெச்சே முடிச்சோம்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா வெச்சிருப்பேன்."

"எப்படிச் சொன்னாரு?"

"ரொம்ப நல்லாச் சொன்னாரு. பொருந்தலயே தவிர, அந்த மாதிரி யாரும் சொல்லி நான் கேட்டதில்ல."

"நடுவுல எவ்வளவு நேரம்?"

அவர் யோசித்தார். வலது கையை உயர்த்தினார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குச் சைகை காட்டுகிறவர் போல. கை அப்படியே நின்றது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்டது. ஒருத்தி செருப்பை மாட்டி, பையைத் தூக்கி, ஒரு மாடிப்படி இறங்கி முடிக்கும் அளவுக்கு நேரம் ஆயிற்று. பிறகு அவர் கையைக் கீழே இறக்கினார்.

"இவ்வளவு" என்றார்.

வெள்ளிக்கிழமை உருளை இஸ்திரியை ஐந்து நிமிடம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இஸ்திரி அண்ணன் வெட்கத்தை விட்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவரைக் கேலி செய்யக்கூட யாருக்கும் நேரமில்லை. தையல்காரி தன் இடத்தில் இருந்தாள். வராமல் இருந்திருக்கலாம். காலையில் படுக்கையை விட்டு எழும்போது அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பள்ளிக்கூட வாசல். மழை. குடையோடு வக்கீலின் மனைவி வெளியே வருகிறாள். எதிரே வக்கீல், தொப்பலாக நனைந்து. குளிர் அழத் தொடங்கிவிட்டாள். நடிகனின் முகத்தை ரொம்பப் பக்கத்தில் காட்டினார்கள். உதடு அசைந்தது.

"தப்பு என்னுது. போகாதேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

ஒரு பிசிறு இல்லை. உதடு தொடங்கிய இடத்தில் குரல் தொடங்கி, மூடிய இடத்தில் நின்றது. குடை கீழே விழுந்தது. பாட்டு வந்தது. விளம்பரம் வந்தது.

"அப்பாடா" என்று நெட்டை முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "நாலு நாளா வயித்துல நெருப்பக் கட்டிட்டுத் திரிஞ்சேன். எங்க கெடுத்துடுவானோன்னு பயந்தேன்டி. மானத்தக் காப்பாத்திட்டான். நடிப்பு திரும்பி வந்துடுச்சு."

"திங்கக்கிழமை ஜலதோஷம்தான்னு நான் சொன்னேன்ல" என்றாள் குளிர்.

இஸ்திரி அண்ணன் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார். எந்தக் கண்ணில் என்று நெட்டை கேட்டாள். இரண்டிலும் என்றார்.

"தையலு, நீ சொல்லு. இன்னைக்குத் தெரியலன்னு சொல்லித் தப்பிச்சுக்க முடியாது. எப்படி இருந்துச்சு?"

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது? நீங்க கொண்டாடின 'ம்' என் வீட்ல இருந்துச்சு என்றா? அவர் எனக்குத்தான் சொன்னாரு, நான் கேக்கல, யாருமே கேக்கல, துடைச்சிட்டாங்க என்றா?

"சீக்கிரமாச் சொல்லிட்டான்" என்றாள்.

நெட்டைக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "எதுடி சீக்கிரம்? நாலு வருஷம், தொள்ளாயிரம் எபிசோடு! என் பையன் பள்ளிக்கூடம் முடிச்சு வேலைக்கே போயிட்டான். இவளுக்குச் சீக்கிரமாம்!"

குளிரும் சிரித்தாள். இஸ்திரி அண்ணனும் சிரித்தார். அழுதுகொண்டிருந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. தையல்காரியும் சிரிக்கப் பார்த்தாள். முகம் பாதி வழியில் கோணிக்கொண்டது. சட்டையைத் தூக்கி அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றே அவர்கள் நினைத்தார்கள். நெட்டை அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். சிரிப்பு எல்லோருக்கும் அடங்கிய பிறகும் அந்த முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. நெட்டையின் கை அதன் மேல் மெல்ல நின்றது.

"ஏய்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "என்னடி?"

விளம்பரம் முடிந்து தொடர் மறுபடியும் வந்தது. யாரும் நிமிரவில்லை.